திருச்சிக்குப் போன ரேடியோ

எங்கள் வீட்டு ரேடியோ பாடிய நாட்களைவிடப் பழுது பார்க்கப் போயிருந்த நாட்கள்தான் அதிகம். அதை வாங்கியது அண்ணன். ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவன், யுத்தம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பு விடுமுறையில் வந்தான். கப்பலேறத் திரும்பிப் போவதற்குள் ஒரு நாள் திருச்சிக்குப் போய்விட்டு, மறுநாள் வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற பாதையில், வண்டியில் இரண்டு மணி நேரத் தொலைவில் எங்கள் ஊர். எங்கள் தெரு முழுக்க வேதக்காரக் குடும்பங்கள், அதாவது கத்தோலிக்கர்கள். அப்பா மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். எங்கள் ஊருக்குள் நுழைந்த முதல் ரேடியோ அதுதான் என்பதால், அண்ணன் கூரைமேல் ஏறி வேப்பமரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டியபோது தெருவே கீழே நின்று யோசனை சொன்னது. அவன் இறங்கி வந்து அப்பாவிடம் ஓர் அட்டையைக் கொடுத்தான்.

"ஒரு வருஷத்துக்கு கேரண்டிப்பா. என்ன ஆனாலும் கடைக்காரனே பாத்துக் குடுத்துடுவான்."

அப்பாவுக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. அட்டையைப் பைபிளுக்குள் வைத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் கேரண்டி இருக்கிறது என்றே ரேடியோவை அறிமுகப்படுத்தினார். மின்சாரம் இல்லாத ஊர் என்பதால் கீழே ஒரு கனத்த பேட்டரி. அதை அரியலூர் பஸ் ஷெட்டுக்கு அனுப்பித்தான் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். அதிலிருந்து சிந்திய திராவகம் அப்பாவின் வேட்டிகளில் ஒவ்வொன்றாகப் பொத்தல் போட்டது. கேரண்டி வேட்டிக்குக் கிடையாதா என்று அம்மா கேட்டாள். அந்த வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்பு இருந்தது.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. அந்தச் செய்தியை எங்களுக்குச் சொன்னதும் அண்ணன் வாங்கி வைத்த ரேடியோதான்.

அதற்கப்புறம் அவனிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. கவலைப்பட வேண்டாம், ஆலை நடக்கிறது, நிலைமை முற்றினால் கிளம்பிவிடுவேன் என்று எழுதியிருந்தான். பிறகு எதுவும் வரவில்லை. ரங்கூன் ஜப்பான்காரர் கைக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஜனங்கள் காட்டு வழியாக, மலை வழியாக நடந்தே வருகிறார்கள் என்றார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள், அவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றும் சொன்னார்கள். அம்மா இந்த இரண்டாவது பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே நடக்கச் சோம்பல், அவன் எங்கேயும் நடந்திருக்க மாட்டான், ஆலைக்குள்ளேயேதான் இருப்பான் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரம்பலூர்ச் சந்தைக்குப் போய் வந்த ஒருவர் ஒரு பேச்சைக் கொண்டுவந்தார். அக்கரையிலிருந்து ரேடியோவில் தமிழிலும் பேசுகிறார்களாம். அங்கே தங்கிவிட்டவர்கள் சுகமாக இருப்பதாக, ஊர் பெயர் தகப்பன் பெயரோடு வாசிக்கிறார்களாம். குன்னத்து வியாபாரி ஒருவர் தன் மைத்துனன் பெயரைத் தன் காதாலேயே கேட்டாராம். அதைக் கேட்டதாக வெளியே சொன்னால் போலீஸ் வரும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அது எவ்வளவு உண்மையோ, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றிலிருந்து மாலைச் செபம் முடிந்ததும் அம்மா ரேடியோவுக்கு முன்னால் உட்காருவது வழக்கமாயிற்று. அப்பா குமிழைத் திருகுவார். ஊளை கேட்கும், இரைச்சல் கேட்கும், ஏதேதோ பாஷை கேட்கும். நடுவே ஒரு தமிழ் வார்த்தை மிதந்து வந்தால் அம்மா கையை உயர்த்துவாள். நாங்கள் மூச்சு விடமாட்டோம். வார்த்தை முங்கிப் போய்விடும்.

"நாளைக்கு நல்லா கேக்கும்" என்பாள் அம்மா.

சித்திரை வெயிலில் ஒரு நாள் குமிழைத் திருகியபோது உள்ளே ஏதோ பொசுங்கும் வாசனை வந்தது. ஒரு முனகல். அவ்வளவுதான். அப்பா தட்டிப் பார்த்தார், பேட்டரியை மாற்றிப் பார்த்தார். அம்மா அவர் கையைத் தடுத்தாள்.

"அடிக்காதீங்க. கேரண்டிதான் இருக்கே, கொண்டு போயிக் குடுங்க."

அப்பா அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ரேடியோவைக் கோணியில் சுற்றி, வண்டியில் அரியலூர் போய், ரயிலேறித் திருச்சிக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வால்வு போய்விட்டது, கேரண்டியில் மாற்றித் தருகிறோம், அடுத்த வாரம் வாருங்கள் என்றாராம்.

அடுத்த வாரம் என்ற சொல் எங்கள் வீட்டில் குடியேறியது அப்படித்தான்.

வால்வு மதராஸிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மதராஸிலோ குண்டு பயத்தில் ஜனங்கள் மூட்டை கட்டி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஆபீசும் எங்கோ இடம் மாறிவிட்டது, எங்கே என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. அது தெரிந்தபோது, வால்வு சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்று தெரிந்தது. கப்பல்கள் வருவதுபோலவா இருந்தது அப்போது! அப்பா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போய் வந்தார். போகும்போது சாந்தமாகப் போவார். வரும்போது படியேறுவதற்கு முன்பே குரல் கேட்கும்.

"மனுஷனா அவன்? கேரண்டி அட்டைய நீட்டினா அட்டைய நல்லா தொடச்சிட்டுத் திருப்பிக் குடுக்கறான்!"

ஒரு முறை இன்னும் கோபமாக வந்தார். அட்டையில் இருப்பது அண்ணன் பெயர். வாங்கியவரே வந்து கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி வால்வு அனுப்பும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

"அவன் ரங்கூன்ல இருக்கான்யான்னு சொல்றேன். அப்ப அவருகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார்ங்கறான்."

அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்து போடுவான்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே" என்றாள்.

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அடுத்த முறை போனபோது சண்டை போட்டு, தகப்பன் என்ற முறையில் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அம்மா இதற்குள் மெலிந்திருந்தாள். மாலைச் செபம் முடிந்ததும் பழக்கம் விடாமல் ரேடியோ இருந்த வெற்று இடத்துக்கு முன்னால் போய் உட்காருவாள். இந்நேரம் அங்கே பெயர் வாசித்துக்கொண்டிருப்பார்கள், நம் பெயர் காற்றில் வீணாகப் போய்க்கொண்டிருக்கும் என்று ஒரு நாள் சொன்னாள். எனக்கு அது பயமாக இருந்தது. நம் வீட்டு ஓட்டுக்கு மேலே அண்ணன் பெயர் இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, கொல்லைப்புறம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆடி மாதக் காற்றடித்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆள் வந்தார். அப்பா எங்கள் வகுப்புக்கு வாய்ப்பாடு எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நின்றவருக்குத் தலை மொட்டையாக இருந்தது, ஒரு கால் வீங்கித் துணி சுற்றியிருந்தது. வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அப்பா அவரை வெளியே புளியமரத்தடிக்கு அழைத்துப் போனார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. அந்த ஆள் பேசிக்கொண்டே இருந்தார். கையால் உயரம் காட்டினார், தண்ணீர் ஓடுவது போலக் காட்டினார், பிறகு தரையில் குனிந்து எதையோ அள்ளிப் போடுவது போலக் காட்டினார். கடைசியில் அந்த ஆள்தான் அழுதார். அப்பா அவரை உட்கார வைத்துத் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கொடுத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் நின்றார். போகும்போது தன் குடையையும் கொடுத்து அனுப்பினார்.

உள்ளே வந்ததும், "எங்க விட்டோம்?" என்றார்.

நான்தான் சொன்னேன், பதினாறாம் வாய்ப்பாடு என்று. சொல்லுங்கள் என்றார். நாங்கள் கத்திச் சொன்னோம். முடித்துவிட்டு மறுபடி சொன்னோம். அவர் கரும்பலகையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணி அடிக்கிறவரை நின்றார். அன்றைக்கு வீட்டில் குடை எங்கே என்று அம்மா கேட்டபோது, தொலைந்துவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு அப்பா கடைக்காரரைத் திட்டுவது நின்றுபோனது. திருச்சிக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. திரும்பி வருவார், காலைக் கழுவுவார், அம்மா கேட்பதற்கு முன்பே, "அடுத்த வாரம்னு சொல்றாங்க" என்பார். அந்தக் குரலில் சூடே இருக்காது. அலைந்து அலைந்து அப்பா களைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். ஆசிரியராக இருந்ததால், திட்டித் திருத்த முடியாத பிள்ளைகளை விட்டுவிடுவது போலக் கடைக்காரரையும் விட்டுவிட்டார் போலும் என்று எனக்குள் ஒரு விளக்கமும் வைத்திருந்தேன்.

புரட்டாசியில் எனக்குக் காதில் சீழ் வடிந்தது. நாட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. திருச்சி போகிறபோது இவளையும் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்று அம்மா சொன்னாள். அப்பா ஒரு கணம் தயங்கினார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். அம்மா விடவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியில் பெரியம்மா வீட்டில் படுத்தோம். விடிந்ததும் அப்பா என்னை எழுப்பிக் கோயிலுக்கு அழைத்துப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் பூசை பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க் கோயிலைப் போல நாலு மடங்கு பெரிய கோயில். உள்ளே பீடத்துக்கு முன்னால், நடுவில், கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெட்டியை வைத்துச் சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். சாமியாரும் கறுப்பு உடுப்பில்தான் வந்தார். யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் கோயிலில் எங்களைத் தவிர இரண்டு கிழவிகளும் பீடச் சேவை செய்கிறவரும்தான் இருந்தார்கள். செத்தவருக்கு வேண்டியவர்கள் ஒருவரும் வரவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"பெட்டிக்குள்ள யாருப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"யாரும் இல்லம்மா. வெறும் பெட்டி."

பூசை முடிந்து, சாமியார் அந்த வெறும் பெட்டியைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்து, தூபம் காட்டிவிட்டு உள்ளே போனார். கிழவிகளும் போய்விட்டார்கள். ஒருவர் வந்து மெழுகுவர்த்திகளை அணைத்தார். அப்பா முழங்காலிலேயே இருந்தார். தரை கல்தரை. எனக்குப் பசித்தது. ஒரு ரேடியோவுக்காக இவ்வளவு நேரமா மன்றாட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, நானும் முழங்காலிட்டு, மாதாவே அந்த வால்வு சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் காதைக் கழுவி, மருந்து விட்டு, பஞ்சு வைத்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும் நான் ரேடியோக் கடைக்குப் போகலாம் என்று அடம்பிடித்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கடை அடைத்திருக்கும் என்றார் அப்பா. மலைக்கோட்டைக் கடைவீதி வழியாகத்தான் நடந்தோம். ஓரிடத்தில் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டினார். அப்போதுதான் நாங்கள் விட்டு வந்த பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சார்! வாத்தியார் சார்!"

கண்ணாடி போட்ட, சந்தனப் பொட்டு வைத்த ஒருவர் கடைப்படியிலிருந்து இறங்கி எங்களை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால், குறுகலான அந்தத் தெருவின் மறுபக்கம், கடை வாசலிலேயே ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதன் மேற்பலகையின் முன்விளிம்பில் காலணா அளவுக்கு ஒரு கருகல். செப நேரத்தில் அம்மா மெழுகுவர்த்தியை அதன்மேல் வைத்துவிட்டு அப்பாவிடம் திட்டு வாங்கிய இடம் அது. எங்கள் ரேடியோ!

"இன்னிக்காவது எடுத்துட்டுப் போறீங்களா சார்? ஆவணியிலேயே ரெடி ஆயிடுச்சி. நீங்க பாட்டுக்கு இருக்கட்டும் இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போறீங்க. லேட்டாயிட்டதுன்னு கோவம் இருந்தா அதுக்கு வேணா மன்னிச்சுக்குங்க. யுத்த காலம், நாங்க என்ன செய்ய முடியும்?"

"கோவமெல்லாம் இல்லீங்க" என்றார் அப்பா. "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"வூட்டுல ஏதும் பிரச்சனைங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கடைக்காரருக்கு என்ன புரிந்ததோ, அவர் முகம் மாறிவிட்டது. கையைக் கூப்பிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

ஸ்டேஷன்வரை நான் கேட்டுக்கொண்டே போனேன். அது நம் ரேடியோதானே? பாடுகிறதே, ஏன் எடுக்கவில்லை? அப்பா நடையை எட்டிப் போட்டார். கடைசியில், "அது வேற யாரோடதோ, பாப்பா. காதுல பஞ்சு இருக்குல்ல, ஒனக்குச் சரியாக் கேக்கல" என்றார். ஒரு காதில்தான் பஞ்சு இருந்தது. அதோடு, கருகலைப் பார்த்தது காது இல்லை. ஆனால் அப்பாவிடம் அப்படியெல்லாம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு நல்ல செய்தியை நான் அதுவரை யாருக்கும் கொண்டுபோனதில்லை.

வண்டி எங்கள் தெருமுனைக்கு வந்ததும் அப்பா இறங்கி, பள்ளிக்கூடத்துச் சாவியை வாங்கி வருகிறேன் என்று சாமியார் வீட்டுப் பக்கம் போனார். நான் ஓடினேன். அம்மா முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம ரேடியோ ரெடி ஆயிடுச்சி! பாடுது! நான் பாத்தேன்!"

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. எழுந்தேவிட்டாள். "எங்க? வண்டியிலயா?"

"இல்ல, கடையில. ஆவணியிலேயே ஆயிடுச்சாம். அப்பாதான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. எனக்குக் காது கேக்கலன்னு வேற சொல்றாரு."

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பிடித்திருந்த முந்தானை நழுவி, அதிலிருந்த கடலைகள் உருண்டு ஓடின.

"ஆவணியிலயா?" என்றாள். பிறகு, "வேற எங்க போனீங்க?"

"கோயிலுக்கு. சாமியார் கறுப்பு உடுப்பு போட்டுப் பூசை வச்சாரு. நடுவுல பெட்டி. உள்ள யாரும் இல்ல, வெறும் பெட்டின்னு அப்பா சொன்னாரு. பூசை முடிஞ்சும் அப்பா எழுந்திருக்கவே இல்ல. எனக்குப் பசிச்சுது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கை காட்டினாள். வெறும் பெட்டி வைத்துப் பூசை செய்வது யாருக்காக என்பது வேதக்காரப் பெண்ணான அவளுக்குத் தெரியும். உடல் கிடைக்காமல் போனவர்களுக்காகவும், எங்கோ தூரத்தில் புதைந்தவர்களுக்காகவும் அப்படி வைப்பார்கள். வேப்பந்தட்டை ஆள் புளியமரத்தடியில் சொன்னது என்ன என்று நான் பெரியவளான பிறகு அம்மாதான் சொன்னாள். அவரும் அண்ணனும் ரங்கூனிலிருந்து சேர்ந்து நடந்தவர்கள். மலைப்பாதையில் ஓர் ஓடையருகே அண்ணனுக்கு வாந்திபேதி கண்டது. ஒரே நாள். குழி தோண்டக் கையில் ஒன்றும் இல்லாமல், சருகையும் தழையையும் அள்ளி மேலே போட்டுவிட்டு, பின்னால் வருகிறவர்கள் தள்ள, நடந்து வந்துவிட்டாராம்.

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அப்பா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, எப்போதும் போன்ற குரலில் கேட்டாள்.

"ரேடியோ ஆச்சிங்களா?"

"அடுத்த வாரம்னு சொல்றாங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது.

"சரி. சோறு ஆறுது, வாங்க" என்றாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய குழப்பம். ரேடியோ சரியாகிவிட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனாலும் அப்பா திருச்சி போகும் வெள்ளிக்கிழமைகளில் அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். திரும்பி வந்தால், ஆச்சா என்று கேட்டாள். அடுத்த வாரம் என்று பதில் வந்தது. இருவரும் பொய் சொல்கிறார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நாக்கில் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள். நான் ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேவிட்டேன், தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறாய் என்று.

"கேக்கலன்னா அவரு பயந்துடுவாரு" என்றாள். மாலைச் செபத்துக்குப் பின் அந்த வெற்று இடத்துக்கு முன்னால் உட்காருவதையும் அவள் விடவில்லை. அப்பா அந்த நேரத்தில் வீட்டில் இல்லாத நாட்களில் மட்டும் உட்காரமாட்டாள். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஐப்பசி மழையோடு கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு எங்கள் ஊர்க் கோயிலில் சாமியார், அவரவர் வீட்டில் மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பார். முந்தின மாலை அப்பா சாமியாரைப் பார்க்கப் போய் வெகுநேரம் கழித்து வந்தார். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். பெயர்கள் தெரு வாரியாக வந்தன. எங்கள் தெருவில் கடைசியாக, தகப்பன் பெயரோடு சேர்த்து அண்ணனின் பெயரைச் சாமியார் வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார்.

எனக்கு முதலில் தப்பாக வாசித்துவிட்டார் என்றுதான் தோன்றியது. பின்னாலிருந்து ஒரு பெண், "ஐயையோ, வாத்தியார் மவனா!" என்று கத்தினாள். கோயில் முழுக்க ஓர் இரைச்சல் எழுந்தது. எல்லாத் தலைகளும் அம்மா பக்கம் திரும்பின. நான் அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். அண்ணன் இனி வரமாட்டான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா என் தலையில் கையை வைத்துக்கொண்டு, பீடத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

நேருக்கு நேர் சொல்ல முடியாததைக் கோயில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார் அப்பா. நாலு பெண்கள் சுற்றி இருந்தால் விழுந்தாலும் தாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார். ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் திரும்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் அழுதுகொண்டே பார்த்தேன். பாய்ந்து வரத் தயாராக, பாதி எழுந்து நின்றார். அம்மா விழவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அப்பா அப்படியே மறுபடி உட்கார்ந்தார்.

வெளியே வந்தபோது பெண்கள் கூடி நின்றார்கள். "பெத்த புள்ள செத்த சேதி கேட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே, என்னா நெஞ்சுடி இது" என்று ஒருத்தி சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. அம்மா அவர்கள் நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பேச்சு அவளைப் பற்றி அந்த ஊரில் ரொம்ப காலம் இருந்தது.

மூவரும் சோளக்கொல்லை ஓரமாக வீட்டுக்கு நடந்தோம். அப்பா இரண்டடி பின்னால் வந்தார். பாதி வழியில் அம்மா திரும்பாமலே சொன்னாள்.

"இந்த சனிக்கெழம போயி அந்த ரேடியோவ எடுத்துட்டு வந்துடுங்க. பாவம், அந்தக் கடைக்காரரும் எத்தன நாளைக்குத்தான் வச்சிருப்பாரு."

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அப்பா வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தார். துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தோள்கள் இரண்டும் குலுங்கின. அப்பா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மா என் கையை விட்டுவிட்டு அவரிடம் போனாள். ஊர்ப் பாதை, பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கோயிலில் அண்ணன் பெயரை வாசித்தபோது அழாத அப்பா, ரேடியோவை எடுத்து வரச் சொன்னதற்கு ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு நாள் அலையவிட்ட கடைக்காரர்மேல் இருந்த ஆத்திரம்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.